பாறைமேல் சாட்சி

குற்றாலத்தில் அருவி வற்றிக் கிடக்கிற மாசி மாதத்தில் துண்டுக்கடை வைத்திருப்பவனுக்கு என்ன வேலை இருக்கும்? பேரருவி பாறையில் ஒரு நூல் ஒழுகிக்கொண்டிருக்கும். குளிக்கவே ஆளில்லை, துவட்டிக்கொள்ளத் துண்டு யாருக்கு வேண்டும்? அகமது கபீர் பாய் தினமும் காலையில் தென்காசியிலிருந்து தன் டிவிஎஸ் வண்டியில் வந்து கடையைத் திறப்பார். தூசி தட்டுவார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து யோசிப்பார். சும்மா இருக்கிற மனுஷனின் யோசனை நல்ல வழிக்கா போகும்? அது நேரே போய் அவருடைய மகன் ஆசிப்பின் தலைமேல் உட்கார்ந்துகொண்டது.

ஆசிப் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன். இருபத்தாறு வயது, அதிர்ந்து பேசாத பிள்ளை. அதிர்ந்து பேசாத பிள்ளைகளைத்தான் கவனிக்க வேண்டும் என்பது கபீர் பாயின் கட்சி.

முதலில் வந்தது ஒரு அட்டைப்பெட்டி. நல்ல நீளம், நல்ல கனம். கூரியர்க்காரனிடம் வாங்கிய ஆசிப் அதைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்து மாடிக்குக் கொண்டுபோனான்.

"என்னலே அது?"

"கேமரா ஸ்டாண்டு வாப்பா."

கேமராவே இல்லாதவனுக்கு ஸ்டாண்டு எதற்கு? ஆசிப் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கபீர் பாய் மாடியேறிப் பெட்டியைத் திறந்துவிட்டார். உள்ளே வெள்ளைக் குழல், வாயில் கண்ணாடி. டெலஸ்கோப். அவர் வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் இதே குழலை டிவியில் பார்த்திருக்கிறார். நோன்பு மாதத்துக்கு முந்தின சாயங்காலம் அங்கே அதிகாரிகள் வரிசையாக நின்று இதைக் கண்ணில் வைத்துக்கொண்டு வானத்தைத் துழாவுவார்கள். எதைத் தேடி? பிறையைத் தேடி.

கபீர் பாய் பெட்டியை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

உட்காராமல் என்ன செய்வார்? பிறை என்பது அந்தக் குடும்பத்தில் ஆறாத புண். மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு. தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாள் பொறுத்து நோன்பு. இவ்வளவுதான் கணக்கு. ஆனால் தென்காசிக்காரனுக்கு மேற்கே என்ன இருக்கிறது? மலை. சூரியனே அவசரமாக மலைக்குப் பின்னால் இறங்கிவிடும், முடி கனத்தில் இருக்கிற பிறை எங்கே தெரியப் போகிறது? ஜமாத்தின் பிறைக் கமிட்டி வருஷா வருஷம் பள்ளிவாசல் மாடியில் ஏறி நின்று மலையைப் பார்த்துவிட்டு இறங்கும். பிறகு கடற்கரை ஊர்களிலிருந்து போன் வரும், முடிவு சொல்வார்கள். அந்தக் கமிட்டியில் கபீர் பாய் முக்கியமான ஆள்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் அவருடைய தம்பி ஜமால் குளத்தங்கரையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து, பிறையைப் பார்த்தேன் என்று சொன்னான். கமிட்டி வரிசையில் உட்கார்ந்திருந்த கபீர் பாய் தம்பியைக் குறுக்கு விசாரணை செய்தார். எங்கன பாத்த, எப்பப் பாத்த, கூட யாரு? கடைசியில், "ஏரோப்ளேன் விட்ட புகைக் கோட்டப் பாத்துட்டு ஓடியாந்திருக்கான்" என்றார். கூட்டமே சிரித்தது. ஜமால் இறங்கிப் போனான். போனவன் போனவன்தான். உலகத்தில் எங்கே பிறை தெரிந்தாலும் நமக்கு நோன்பு என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே நாள் குறிக்கிற பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டான். அன்றிலிருந்து அவனுக்கு ஒரு நாள் பெருநாள், இவருக்கு மறுநாள் பெருநாள்.

இரண்டு வீட்டுக்கும் பின்சுவர் ஒன்றுதான். ஜமால் வீட்டில் பெருநாள் என்றால் கபீர் பாய் வீட்டில் கடைசி நோன்பு. காய்ந்த வாயோடு உட்கார்ந்திருக்கிறவர் மூக்கில் சுவரைத் தாண்டி நெய்ச்சோற்று வாசம் வந்து ஏறும். அந்த ஒரு நாளில் அவர் படுகிற பாடு அல்லாவுக்குத்தான் தெரியும். தம்பி போனது போகட்டும், மகனும் அந்தப் பக்கம் போய்விட்டால்? ஒரே வீட்டுக்குள் மகன் நெய்ச்சோறு தின்ன, தகப்பன் நோன்பு வைத்திருக்கவா?

அதற்குப் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மகனைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க எல்லாமே தப்பாகத் தெரிந்தது.

டார்ச் லைட்டுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தான். "எதுக்குட்டி இது?" என்று மனைவி சைதூன் பீவியிடம் கேட்டார்.

"வெள்ள வெளிச்சம் கண்ணக் கூசுமாம். செவப்புன்னா இருட்டுலயும் கண்ணு தெரியுமாம். அவன்தான் சொல்லுதான்."

"இருட்டுக்குள்ள இவனுக்கு என்ன சோலி?"

"ஏங்க, புள்ளைய வேவு பாக்கத்தான் கட சாத்திட்டு வாரீகளா? போயி ரெண்டு துண்டாவது வித்துட்டு வாங்க."

இன்னொரு நாள் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தார். ராத்திரி விளக்கு வெளிச்சத்தைக் காட்டும் இந்தியா படம். ஊரெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக எரிந்தது, நடுவில் ஓர் இடம் மட்டும் கருப்பாகக் கிடந்தது. ஆசிப் கூச்சத்தோடு சொன்னான்: "மகாராஷ்டிரா பக்கம் ஒரு காடு வாப்பா. இருட்டு வானப் பூங்கான்னு அறிவிச்சிருக்காங்க. விளக்கெல்லாம் கொறச்சு வச்சிருப்பாங்க. நட்சத்திரம் நல்லா தெரியும். ஆபீஸ் ஆளுவகூட ஒரு ட்ரிப்பு, நடந்து மலையேறுறதும் உண்டு."

"இருட்டுக்கு எதுக்குலே பூங்கா? நம்ம தெருவுல கரண்டு போனா ஓசியிலயே பாக்கலாமே."

ஆசிப் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று கபீர் பாய் உறுதியாக நம்பினார். ஒளிந்தும் இருந்தது. இரண்டு நாள் கழித்துக் காலையில் அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது குற்றாலம் ரோட்டில் இரண்டு பேர் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு வேகுவேகென்று நடந்து போனார்கள். ஒருவன் ஆசிப். இன்னொருவன் ஜமாலின் மகன் யஹ்யா. ஆபீஸ் ஆளாம் ஆபீஸ் ஆள்!

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஆசிப்பின் முதுகுப் பைக்குள் பத்து கிலோ அரிசிப் பொட்டலம். "மல ஏறப் பழகுதானாம், கனம் வேணுமாம்" என்றாள் சைதூன் பீவி. "யஹ்யாகூடப் போறான்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஓஹோ, இவளும் கூட்டு.

இருபத்தொன்பது நெருங்கியது. முந்தின நாள் துணி எடுக்கிற சாக்கில் மாடிப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஆசிப் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு விட்டா ஒரு மாசம் ஆகும்லே... மேற்கால மறைப்பு இல்லாத எடமா வேணும். கீழப்பாவூர்ப் பாறைதான் சரி. அங்கேருந்து பாத்தா மல தாழ்ந்து கெடக்கும்லா... பொழுது அடையுமுன்ன, மஃரிபுக்கு முன்னாடி ஏறிருவோம். வாப்பாட்ட மூச்சு விட்டுராத."

போதாதா? மாதம் முடிகிற சாயங்காலம், மேற்குப் பக்கம், மலை மறைக்காத இடம், டெலஸ்கோப், கூட ஜமாலின் மகன். கண்ணைக் கட்டிவிட்டாலும் விடை சொல்லலாம். பாறைமேல் ஏறிப் பிறை பார்த்து வந்து, பள்ளிவாசலில் கூட்டத்துக்கு நடுவில் தகப்பன் முகத்தில் கரியைப் பூசப் போகிறான். நாளை மறுநாள் நோன்பு என்று ஜமால் பக்கம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். அவர்களுக்குத் துணைச் சாட்சியாக என் பிள்ளையா?

கபீர் பாய் அன்றைக்கே ஜமாத் தலைவர் நாகூர் மீரான் வீட்டுக்குப் போய்க் கமிட்டியைக் கூட்டினார்.

"இந்த வருஷம் ஒரு கட்டுப்பாடு வேணும். பாறைமேல ஏறிப் பாத்தேன், குழலு வச்சுப் பாத்தேன்னு எவனாவது வந்தா சாட்சிய எடுக்கப்படாது. அந்தப் பக்கத்து ஆளுகூடச் சேந்து வந்தவன் சாட்சியும் எடுக்கப்படாது."

"எதுக்குப் பாய் இவ்வளவு?" என்றார் நாகூர் மீரான்.

"காரணமாத்தான் சொல்லுதேன். யாரு மவனா இருந்தாலும் சரி."

மகன் சாட்சியை ஊர் தள்ளிவிட்டால் அவன் அவமானப்பட்டு வீட்டோடு கிடப்பான் என்று ஒரு கணக்குப் போட்டார். தம்பியை ஊர் தள்ளியபோது அவன் வீட்டோடா கிடந்தான் என்று அவருக்கு ஏனோ தோன்றவில்லை. எல்லாரும் சரி என்றார்கள்.

மறுநாள் சாயங்காலம் கமிட்டி பள்ளிவாசல் மாடிக்கு ஏறியது. கபீர் பாய் ஏறவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு டிவிஎஸ்ஸைக் கிளப்பினார். கையும் களவுமாகப் பிடித்து, டெலஸ்கோப்பைப் பிடுங்கி, யஹ்யாவை நாலு வார்த்தை கேட்டு, மகனைக் காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துவர வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

கீழப்பாவூர்க் குளத்தைத் தாண்டி வயலுக்கு நடுவில் மொட்டையாக நிற்கும் அந்தப் பாறை. அடியில் ஆசிப்பின் பைக் நின்றது. அறுபது வயது முழங்காலை வைத்துக்கொண்டு கபீர் பாய் தவழாத குறையாக ஏறினார். பாதி தூரம் ஏறும்போதே மேலே யஹ்யாவின் குரலில் மெதுவாகப் பாங்கு கேட்டது. சண்டை போடுவதாக இருந்தாலும் தொழுகை தொழுகைதான். வந்த கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புட்டித் தண்ணீரில் கைகால் கழுவினார். தோள் துண்டை அங்கேயே விரித்து, பையன்களுக்குத் தெரியாமல், அவர்கள் காலடிக்குக் கீழே மேற்கே பார்த்து நின்று தொழுதார்.

தொழுகை முடிந்தது. கூடுதல் தொழுகையான சுன்னத்தும் தொழுதார். வலப்பக்கம் திரும்பி ஸலாம் சொன்னார். இடப்பக்கம் திரும்பி ஸலாம் சொன்னவரின் முகம் அப்படியே நின்றுவிட்டது.

குற்றால மலைக்குத் தெற்கே, முகடு கொஞ்சம் தாழ்ந்து கிடந்த இடத்துக்கு மேலே, வெளிறின சிவப்பில் ஒரு கீற்று. நகத்தை வெட்டிப் போட்டதுபோல் அவ்வளவு மெல்லிசு. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். அப்போதும் இருந்தது. இத்தனை வருஷம் கமிட்டியில் இருந்தும் தலைப்பிறையை அவர் ஒரு தடவைகூடத் தன் கண்ணால் பார்த்ததில்லை. சொன்னால் வெட்கம்.

"ஏலே ஆசிப்! ஏலே!"

மேலே ஏதோ தடதடவென்று விழுந்தது. இரண்டு முகங்கள் எட்டிப் பார்த்தன. "வாப்பா!" "பெரியவாப்பா!"

"என்னைய எதுக்குலே பாக்கிய? அங்கன பாருங்கலே!"

பார்த்தார்கள். வாயைப் பிளந்தார்கள். குழலின் திருகாணியோடு மல்லாடிக்கொண்டிருந்ததில் பயல்கள் அந்தப் பக்கம் தலை தூக்கவே இல்லை.

"அப்ப நீங்க இதப் பாக்க வரலியா?"

"இல்ல வாப்பா. பெருநாள் கழிஞ்சு வாற அமாவாசைக்குத்தான் பூங்காவுக்குப் போறோம். புதுக் குழலு. வெள்ளிய வச்சு சரிபண்ணிப் பாக்க வந்தோம். யஹ்யாவுக்கு இன்னைக்கு ராத்திரியே தராவீஹ் தொழுக தொடங்கிரும், நாளைலேருந்து நோன்பு. அப்புறம் ஒரு மாசம் வெளிய வர முடியாதுல்லா."

"அதுக்கு எங்கிட்ட எதுக்குலே ஒளிச்ச?"

ஆசிப் யஹ்யாவைப் பார்த்தான். யஹ்யா தரையைப் பார்த்தான். "எங்கூடன்னு சொன்னா நீங்க விடுவீங்களா பெரியவாப்பா?" என்றான்.

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஆனால் தைத்ததைத் தடவிப் பார்க்க நேரமில்லை, ஏனென்றால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. இன்றைக்குப் பிறை தெரிந்துவிட்டது. ஜமால் வீட்டில் நாளைக்கு நோன்பு. அப்படியென்றால் நம் வீட்டிலும் நாளைக்குத்தான் நோன்பு! இத்தனை வருஷத்துக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் ஒரே நாள். கபீர் பாய் சின்னப் பிள்ளை மாதிரிப் பாறையைவிட்டு இறங்கினார். முழங்கால் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

பள்ளிவாசலுக்குள் செருப்பை உதறிவிட்டு ஓடினார். கமிட்டி உட்கார்ந்திருந்தது. மலைமேல் மேகம், ஒன்றும் தெரியவில்லை. கடற்கரைப் பக்கமும் மேகம் என்று போன் வந்திருந்தது.

"நான் பாத்தேன்! பிறைய நான் பாத்தேன்!"

நாகூர் மீரான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாஷா அல்லா. எங்கன வச்சுப் பாத்தீரு?"

"கீழப்பாவூர்ப் பாறைமேல."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாகூர் மீரான் மெதுவாகக் கேட்டார்: "கூட யாரு?"

"ஆசிபு... பொறவு, ஜமால் மவன் யஹ்யா."

"கையில என்ன வச்சிருந்தாங்க?"

"டெலஸ்கோப்பு. ஆனா நான் அதத் தொடக்கூட இல்ல. வெறுங்கண்ணால பாத்தேன். தொழுதுட்டு ஸலாம் குடுக்கும்போது பாத்தேன். அல்லாமேல ஆணை!"

யாரும் அவரைப் பொய்யன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலாம், திருப்பிச் சத்தம் போட்டிருப்பார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் மகனை அவர் எப்படிப் பார்த்தாரோ, அதே கடைக்கண் பார்வை. தலைவலி என்று போனவர் பாறைமேல் எப்படிப் போனார்? அதுவும் அந்தப் பக்கத்துப் பையனோடு?

"நீரு போட்ட கட்டுப்பாடுலா கபீர் பாய்," என்றார் நாகூர் மீரான். "யாரு மவனா இருந்தாலும் சரின்னீரு. ஒமக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணா வைக்க முடியும்?"

பின்வரிசையில் ஒருவர் சொன்னார்: "ஏரோப்ளேன் விட்ட புகைக் கோடா இருக்கும்."

கூட்டம் சிரித்தது. பெரிய சிரிப்பெல்லாம் இல்லை, சாதாரணச் சிரிப்புதான். கபீர் பாய்க்குக் காது இரண்டும் எரிந்தன. அன்றைக்கு ஜமால் நின்ற அதே தூணோரம் நாம் நிற்கிறோம் என்பது தெரிந்தது. அடப்பாவி, இப்படித்தான் இருந்ததா உனக்கு என்று மனசுக்குள் தம்பியைக் கேட்டார்.

வெளியே வரும்போது இமாம் பின்னாலேயே வந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஊரு ஏத்துக்கிட்டாலும் ஏத்துக்கலேன்னாலும், கண்ணால பாத்தவருக்கு நாளைக்கு நோன்பு கடமை பாய். அதுல மாத்தம் இல்ல."

ஒலிபெருக்கி அறிவித்தது. பிறை தென்படவில்லை, நாளை மறுநாள் நோன்பு. ஒரே வீட்டில் இரண்டு நோன்பு வரக்கூடாது என்று இத்தனை பாடுபட்ட மனுஷன், ஊரை விட்டுத் தனியாக நாளைக்கு நோன்பு வைக்கப் போகிறார். யாரைச் சொல்லி அழ?

ஆசிப்பும் யஹ்யாவும் பைக் பக்கத்தில் நின்றிருந்தார்கள். மூன்று பேரும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். தெரு முக்கில் கபீர் பாய் கேட்டார்: "ஏலே, அந்த இருட்டுப் பூங்காவுல இப்படி மல மறைக்காதுலா?"

"மறைக்காது வாப்பா."

"அப்ப எனக்கும் ஒரு டிக்கெட்டு போடு."

தன் வீட்டுப் பக்கம் திரும்பவேண்டியவர் திரும்பவில்லை. பின்தெருவுக்குப் போய், இத்தனை வருஷமாக மிதிக்காத வாசலில் நின்று கதவைத் தட்டினார். ஜமால் திறந்தான். தாடி பாதி நரைத்திருந்தது. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு தம்பி கிழவனாகிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாமலே போயிருந்தது.

"பிறையப் பாத்தேன் ஜமாலு," என்றார். "எங்கண்ணால பாத்தேன். ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான்."

சொல்லிவிட்டுக் கேள்விக்குக் காத்து நின்றார். எங்கே, எப்போது, கூட யார், புகைக் கோடா? எது கேட்டாலும் தகும், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தார்.

ஜமால் ஒன்றும் கேட்கவில்லை. "நாளைக்கு நோன்புலாண்ணே. உள்ள வாங்க," என்றான். அடுக்களைப் பக்கம் திரும்பி மனைவியிடம் குரல் கொடுத்தான்: "விடியுமுன்ன ஸஹருக்கு அண்ணனுக்கும் ஆசிபுக்கும் சேத்து அரிசி போடு."

கபீர் பாய் செருப்பைக் கழற்றக் குனிந்தார். குனிந்தவருக்கு நிமிர முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. யஹ்யா தோளைப் பிடித்துக்கொண்டான்.

அப்போது பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சைதூன் பீவியின் குரல் கேட்டது. அவள் ஒலிபெருக்கியையும் கேட்டிருந்தாள், இதையும் கேட்டிருந்தாள்.

"எனக்கும் சேத்துப் போடச் சொல்லுங்க. ஒரு வீட்டுல ரெண்டு நோன்பெல்லாம் என்னால ஆகாது."